கோப்பாயில் களைத்துப்போன செம்பு

செம்பைச் சித்திரவதை செய்வது என் தொழில். திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புக் கட்டியை எடுத்து, ஒரு முகத்தில் கண் கூசும் அளவுக்குச் சூட்டைக் கொட்டுவோம். உள்ளே குடைந்த துளை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் ஓடும். சூடு, குளிர், மறுபடி சூடு, மறுபடி குளிர். சில ஆயிரம் தடவை போன பிறகு ஒரு நாள் அதில் கீறல் விழும். அன்றைக்கு எனக்கு உற்சாகம் தாங்காது, உட்கார்ந்து கட்டுரை எழுதுவேன். இதற்கு வெப்ப அயர்ச்சி என்று பெயர். ராக்கெட்டின் வாயிலும் நாளைய அணு உலைகளின் சுவரிலும் செம்பு இப்படித்தான் பாடுபடப்போகிறது என்பதால் யாராவது இதைச் செய்யவேண்டியிருக்கிறது. "ஒரு பாத்திரத்த உடைக்க இருபத்திரண்டு வருஷமா? எங்கிட்ட குடுங்க, ஒரே வாரத்துல உடைச்சுத் தரேன்" என்பது என் மனைவியின் கருத்து.

இந்த லட்சணத்தில் என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் செம்பைப் பற்றிப் பேசவேண்டும். அதன் பிறகு மூன்று நாள் சும்மா சுற்றலாம். பேச்சுக்காக ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

விமானத்தில் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வந்துவிட்டது. அதே நேரத்தில் திருச்சியில் சென்னை பஸ் ஏறியவன் பெரம்பலூரைத் தாண்டியிருக்கமாட்டான். சுங்கத்தில் ஓர் அதிகாரி என் பையைக் கிளறி, கீறல் விழுந்த செப்புக் கட்டி ஒன்றை வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"செம்பு. வெடிச்ச செம்பு."

"வெடிச்சதை ஏன் கொண்டு வாறியள்?"

"பசங்களுக்குக் காட்ட."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெடிச்ச சாமானுக்கு எங்களிட்டைப் பஞ்சமோ?" என்று கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பப் பைக்குள் வைத்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்போடு வெளியே வந்தேன்.

பேச்சு மறுநாள் புதன்கிழமை. மொத்தம் பதினாலு பேர் வந்திருந்தார்கள். அதில் ஐந்து பேர் வெளியே தட்டில் அடுக்கியிருந்த றோல்ஸுக்காக வந்தவர்கள் என்பது அவர்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். கடைசி வரிசையில் நீலச் சேலை உடுத்திய ஓர் அம்மாள் மட்டும் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கே சந்தேகம் வந்து, சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"சேர், நீங்கள் கதைச்சது முழுக்க விளங்கேல்லை. ஆனா செம்பும் களைக்கும் எண்டு சொன்னனியள், அது விளங்கினது. என்ரை வாலை ரெண்டு வருசமாக் களைச்சுக் களைச்சு வெடிக்குது."

பெயர் தவமலர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊர் கோப்பாய். மகள் அந்தக் கல்லூரியில் படிக்கிறாள். செம்பைப் பற்றி இந்தியாவிலிருந்து ஓர் ஆள் வந்து பேசுகிறார் என்று அவள் சொன்னதும் அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார். வாலை என்றால் வடிக்கிற பாத்திரம். கீழே அடுப்பில் பதித்த செப்புப் பானை, மேலே கவிழ்த்த மூடி, அதிலிருந்து ஆவியைக் கொண்டுபோகும் மூக்குக் குழாய், குழாய் நுனியில் சொட்டு. வடிக்கிற பாத்திரம் என்றதும் என் முகம் தானாக மலர்ந்தது. பனங்கள்ளும் அதிலிருந்து இறங்கும் சரக்கும் பற்றி நான் வரும் முன்பே நிறைய விசாரித்து வைத்திருந்தேன்.

"என்னம்மா வடிக்கிறீங்க?" என்றேன், கண்ணியமான குரலில்.

"ஓமத் தீநீர், சேர். வயித்துக்கு நல்லது."

மலர்ந்த முகத்தை அப்படியே வைத்திருக்கச் சிரமப்பட்டேன்.

தவமலர் அக்காவுக்கு வேண்டியது ஆலோசனை இல்லை, கடிதம். வாலையைத் திருத்துகிறவர் நிசாம் என்று ஒருவர். "தொண்ணூறிலை போன ஆக்கள், சேர். திரும்பி வந்து அஞ்சு சந்தியிலை பட்டறை போட்டிருக்கினம்." அவர் ஒட்டிக் கொடுப்பார், நாலைந்து மாதத்தில் வெடிக்கும். மறுபடி ஒட்டுவார், மறுபடி வெடிக்கும். இதற்கிடையே அக்காவின் தம்பி கோப்பாயில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார். சமையலுக்குப் பன்னிரண்டு பெரிய செப்புக் கிடாரம் வேண்டும். அந்த வேலையை நிசாமுக்கே கொடுப்பது என்று தம்பி நிற்கிறார், கூடாது என்று அக்கா நிற்கிறார்.

"நான் வாயாலை சொன்னா அவன் கேக்கமாட்டான். உவற்றை ஒட்டு சரியில்லை எண்டு நீங்கள் ஒரு கடிதம் தாங்கோ. வெளிநாட்டிலை இருந்து வந்த சேர் எண்டா கேப்பான்."

வெளிநாடு என்று என்னை யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் கர்வமாக இருந்தது. மறுநாள் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை தங்கியிருந்த வீட்டில் இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார்கள். எங்கள் ஊரில் இடியப்பம் என்றால் இரண்டு, கூடிப்போனால் நாலு. இங்கே தட்டுத் தட்டாக அடுக்கி வைத்துவிட்டு எண்ணாமல் போய்விடுகிறார்கள். சொதி என்ற அந்த இளமஞ்சள் தேங்காய்ப்பால் சமாசாரத்தை எங்கள் சாம்பாரோடு ஒப்பிட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது என்பதால் ஒப்பிடாமல் விடுகிறேன். பதினாலு இடியப்பம் சாப்பிட்டேன். முந்தின நாள் என் பேச்சுக்கு வந்தவர்களுக்குத் தலைக்கு ஒன்று.

அதன் விளைவு பஸ்ஸில் தெரிந்தது. கோப்பாய் பக்கத்தில்தான், பத்துப் பதினைந்து நிமிடம் என்றார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஒலிபெருக்கியில் பழைய பாட்டு, முகத்தில் காற்று. கண் விழித்தபோது இரண்டு பக்கமும் வெறும் வெளி. வீடில்லை, மரமில்லை, உப்புக் காற்று மட்டும் அடித்தது.

"கோப்பாய் வந்திடுச்சா?" என்று கேட்டேன்.

கண்டக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கோப்பாய் எப்பவோ போட்டுது, அண்ணை. இது வல்லை வெளி. நெல்லியடியிலை இறங்கி மற்றப் பஸ்ஸிலை திரும்புங்கோ."

உடனே பஸ் முழுவதும் என் பிரச்சினையைக் கையில் எடுத்துக்கொண்டது. உடுப்பிட்டிக்காரர் ஒருவர், ஏன் நெல்லியடி வரைக்கும் போகவேண்டும், இந்த வெளியைத் தாண்டினதும் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் போதாதோ என்றார். வெயிலில் நிற்கவிட்டு மனுசனைக் கொல்லவோ என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். பின் இருக்கையிலிருந்து ஓர் அம்மாள், "முதல் அந்தாள் சாப்பிட்டாரோ எண்டு கேளுங்கோ" என்றார். பதினாலு இடியப்பம் என்று சொல்ல வாயெழவில்லை. இல்லை என்று தலையாட்டிவிட்டேன். நெல்லியடி என்று முடிவாயிற்று.

நெல்லியடிச் சந்தையடியில் ஒரு கடையில் ஆட்டிறைச்சி றோல்ஸும் பால் விடாத பிளேன் ரீயும். புதன்கிழமை கல்லூரியில் கிடைத்தது அட்டை, இதுதான் றோல்ஸ். இன்னொன்று சாப்பிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் தூங்கக்கூடாது என்று நின்றுகொண்டே வந்தேன்.

கோப்பாயில் சிவப்பு மண். வாழை, வெங்காயம், கிணறு, மறுபடி வாழை. தவமலர் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் வாலை. கணவர் மருந்துப் போத்தல்களைக் கடை கடையாய்க் கொண்டுபோய்ப் போடுகிறவர், கொட்டகைப் பக்கம் வருவதில்லை. வாலை அக்காவின் ராஜ்யம். கணவரின் அப்பா காலத்துப் பாத்திரம். இடுப்பளவு உயரம், தோளுக்குக் கீழே முழுக்க மண் அடுப்புக்குள் உட்கார்ந்திருந்தது. விறகுத் தீ நேரே அடியில் படும். நல்ல கனமான செம்பு. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆய்வுக்கூடத்தில் நான் வெடிக்க வைப்பதெல்லாம் உள்ளங்கை அளவுதான். இவ்வளவு பெரிய நோயாளியை நான் பார்த்ததில்லை.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்ததும் முதல் ஆச்சரியம். நிசாமின் ஒட்டு, அதாவது பித்தளைக் கம்பி உருக்கி அவர் போட்ட வரி, அங்கே கல்லுப்போல இருந்தது. வெடிப்பு அதில் இல்லை. அதற்கு இரண்டு விரல் தள்ளி, செம்பிலேயே ஓடியிருந்தது. பழைய ஒட்டுகள் நாலு. நாலும் உறுதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடுத்த வெடிப்பு. இரண்டாவது ஆச்சரியம், எல்லாமே ஒரே பக்கம், கிணற்றைப் பார்த்த பக்கம். தீ நடுவில் எரிகிறது. வெடிப்பு ஏன் ஒரு பக்கம் மட்டும் வரவேண்டும்?

"பாத்தியளோ? எல்லாம் உவற்றை ஒட்டுக்குப் பக்கத்திலை!" என்றார் அக்கா, வழக்கில் ஜெயித்தவர் போல.

அப்போது நிசாம் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, நாற்பது தாண்டிய, ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். அக்கா அவர் இறங்குவதற்குள் தொடங்கிவிட்டார்.

"நிசாம், இவர் இந்தியாவிலை பெரிய செம்பு சேர். உம்மடை வேலையைப் பாக்க வந்திருக்கிறார்."

"வாங்கோ சேர்" என்றார் அவர் என்னிடம். பிறகு வெடிப்பைப் பார்த்தார். "என்ரை பிழையா இருக்கும், அக்கா. இண்டைக்கு வடிவா ஒட்டி விடுறன்."

எனக்கு எரிச்சல் வந்தது. பிழை செய்தவன் ஒப்புக்கொள்ளாததைப் பார்த்திருக்கிறேன், திருச்சியில் அப்படிப்பட்டவர்களோடுதான் வேலை செய்கிறேன். பிழை செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்ளவேண்டும்? அவர் பாட்டுக்குச் சுவாலையைப் பற்றவைத்து வேலை செய்தார். இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். செம்பு எப்போது சிவக்கிறது, கம்பியை எப்போது தொடவேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. என் ஆய்வுக்கூடத்தில் இதே வேலைக்கு ஜெர்மன் இயந்திரம் ஒன்று இருக்கிறது, அது பாதி நாள் படுத்திருக்கும்.

நடுவில் தேநீர் வந்தது. எனக்கு மூக்கு வைத்த பித்தளைப் பேணியில், அந்த ஊர் வழக்கப்படி. நிசாமுக்குக் காகிதக் கோப்பையில். பேணியில் எப்படி வாய் வைப்பது என்று தெரியாமல் சட்டையில் ஊற்றிக்கொண்டதில், அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

பஸ் வேண்டாம் என்று நிசாம் என்னை ஏற்றிக்கொண்டார். பின்னால் சிலிண்டர், நடுவில் நான். ஒவ்வொரு பள்ளத்திலும் அது என் முதுகில் தட்டியது. வெடிக்கிற பொருட்களில் நிபுணன் என்ற முறையில் நான் வழி நெடுக வேண்டிக்கொண்டே வந்தேன்.

"ஒட்டுல ஒரு குறையும் இல்ல. செம்புதான் வெடிக்குது. உங்களுக்குத் தெரியும்தானே?" என்று அவர் காதில் கத்தினேன்.

"ஓம், சேர்."

"அப்புறம் ஏன் உங்க பிழைன்னு சொல்றீங்க?"

ஒரு பள்ளத்தை ஒதுக்கி ஓட்டினார். பிறகு தன் கதையைச் சொன்னார், வேறு ஆளின் கதையைச் சொல்வதுபோல. தொண்ணூறில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், துப்பாக்கி பிடித்தவர்கள். அவருக்கு அப்போது ஏழு வயது. வாப்பாவின் பட்டறையில் பாதி முடிந்த கிடாரம் ஒன்று கிடந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு புத்தளம், முகாம், கலியாணம், பிள்ளைகள். ஆறு வருடத்துக்கு முன்னால் திரும்பி வந்து அதே இடத்தில் பட்டறை போட்டார். 'தொண்ணூறிலை போன ஆக்கள்' என்று தவமலர் அக்கா சொன்னது இதைத்தான். போன ஆக்கள்! கல்யாணத்துக்குப் போனமாதிரி.

"ஊருக்குள்ளை முதல் கிடைச்ச பெரிய வேலை அக்கான்ரை வாலைதான்" என்றார். "அவ கூப்பிட்ட பிறகுதான் மற்றச் சனமும் கூப்பிடுது." பிறகு, நான் இறங்கும்போது, வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சேர், நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாலை எரியேக்கை நிண்டு பாருங்கோ. கடைசி மட்டும் நில்லுங்கோ."

"கடைசில என்ன?"

"சும்மா. பாருங்கோ."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் விழித்திருந்தேன். காலை ஏழு மணிக்கெல்லாம் கோப்பாயில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொட்டகை முழுக்க ஓம வாசம், மூக்கைத் துளைத்து நெற்றி வரை ஏறியது. குழாய் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தீநீர். அக்கா அதைக் கையில் ஏந்தி நக்கிப் பார்த்தே தீயைக் கூட்டினார், குறைத்தார். எனக்கும் ஒரு மூடி கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் தொண்டை எரிய ஒரு மூடி இறக்கினேன், நான் ஆசைப்பட்டது இதுவல்ல என்றாலும் வயிறு மூன்று நாள் பாவத்தையும் உடனே மன்னித்துவிட்டது.

பதினொரு மணிக்கு வடிப்பு முடிந்தது. விறகை இழுத்துவிட்டு, அடியிலிருந்த கொதிநீரைத் திறந்துவிட்டார். வெறும் பானை, அடியில் கங்கு தகதகவென்று இருந்தது. அக்கா போய்க் குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, கிணற்றுப் பக்க வாசல் வழியாக ஒரு வாளியோடு வந்தார். மஞ்சள் கரைத்த கிணற்றுத் தண்ணீர், மேலே வேப்பிலை. அம்மனை நினைத்துக் கைகூப்பினார். வாளியைத் தூக்கி அப்படியே வாலையின் தோளில் ஊற்றினார்.

சீ என்று ஒரு சத்தம். கொட்டகை ஆவியில் மறைந்தது. நான் அலறிக்கொண்டு பின்னால் குதித்தேன். அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு சின்னச் சத்தத்தையும் கேட்டேன், கிண் என்று, நகத்தால் கிண்ணத்தைத் தட்டினமாதிரி. அந்தச் சத்தம் எனக்கு வேறு எதையும்விட நன்றாகத் தெரியும். அதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஆவி விலகியபோது அக்காவின் முகம் நிறைந்திருந்தது. "கேட்டியளோ? அம்மாள் ஏற்றுக்கொண்டிட்டா."

"அது அம்மாள் இல்லம்மா" என்றேன். வாயைக் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. "அது செம்பு. அழுவுது."

நிசாம் முந்தின நாள் விட்டுப்போன செப்புக் கம்பித் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து அக்கா முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்தேன். ஒரு தடவை வளைத்தால் ஒன்றுமில்லை. பத்துத் தடவையிலும் ஒன்றுமில்லை. வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியும். ஒடிந்தது. சூடு பட்டால் செம்பு விரியும், குளிர்ந்தால் சுருங்கும். பானை முழுக்கச் சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்கினால் அதற்கு வலிக்காது. ஒரு பக்கம் கொதிக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் வாளி வாளியாய்ப் பச்சைத் தண்ணீர் கொட்டினால் அந்தப் பக்கம் இழுபடும். கிணற்றுப் பக்கம். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வளைப்பு.

இதே விஷயத்தை நான் புதன்கிழமை ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியும் யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஆனால் விடுகிறவர் இல்லை.

"அப்ப முந்தி ஏன் வெடிக்கேல்லை? மாமா காலத்திலை இருந்து கிடக்குது உந்த வாலை!"

"முந்தியும் இப்படி ஊத்தினீங்களா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இல்லை" என்றார்.

"எப்பத்திலேருந்து ஊத்துறீங்க?"

"ரெண்டு வருசமா. வெள்ளிக்கு வெள்ளி."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்ன ஆச்சு?"

அக்கா வாளியைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மஞ்சள் தேங்கியிருந்தது. "குழாயடியிலை ஒரு சின்ன ஒழுக்கு. முந்தித் திருத்தினவர் கனடா போட்டார். ஒருத்தரும் கிடைக்கேல்லை. அப்பதான் நிசாமைக் கூப்பிட்டனான்." வாளியைக் கவிழ்த்து அதைக் கொட்டினார். "மருந்து வடிக்கிற ஏனம், சேர். மாட்டிறைச்சி சாப்பிடுற கை..."

முந்தின நாள் காகிதக் கோப்பை எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல விஞ்ஞானி. இரண்டு விரல் தள்ளி இருக்கிற வெடிப்பைக் கண்டுபிடிப்பேன், கண் முன்னால் இருக்கிற கோப்பையைக் கண்டுபிடிக்கமாட்டேன்.

அந்த மனிதர் வந்து திருத்துகிறார். அவர் தொட்ட தீட்டுப் போக இவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றியதில் வெடிக்கிறது. வெடித்ததும் அவரை ஏசிக் கூப்பிடுகிறார். அவர் வந்து திருத்துகிறார். அதனால் மறுபடி ஊற்றுகிறார். இரண்டு வருடம். என் ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு கச்சிதமான சுற்று ஒன்றை நான் அமைத்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே பாதி செத்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற மாடத்தில், குழாய் ரிப்பேருக்கு வருகிறவருக்கு என்று ஒரு நசுங்கின டம்ளர் வருடக்கணக்கில் இருந்தது. அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். எனக்கு அப்போது முப்பது வயது, கையில் டாக்டர் பட்டம். அதை நினைத்ததும் அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பள்ளிவாசல் தொழுகை முடித்து, தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிசாம் வந்தார். புதிதாக ஒட்டியதை முதல் வடிப்புக்குப் பிறகு வந்து பார்ப்பது அவர் பழக்கமாம். நனைந்த அடுப்பைப் பார்த்தார், மஞ்சள் வழிந்த தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அக்காதான் கேட்டார். "நிசாம், நான் தண்ணி ஊத்துறதாலைதான் வெடிக்குதெண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓம், அக்கா."

"எப்ப தொடக்கம்?"

"முதல் வெள்ளியே. ஒட்டைப் பாக்க வந்தனான். வேலியடியிலை நிண்டனான். நீங்கள் ஊத்தினதைக் கண்டிட்டுத் திரும்பிப் போட்டன்."

"ஏன் ஊத்தினனான் எண்டும் தெரியுமோ?"

"ஓம்" என்றார் நிசாம்.

நான் எங்காவது போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன், ஆனால் வாசலில் அவர் நின்றார்.

அக்காவுக்குக் கண் கலங்கிக் கோபம் வந்தது. "அப்ப ஏன் சொல்லேல்லை? ரெண்டு வருசம் என்னட்டை ஏச்சு வாங்கிக்கொண்டு நிண்டனீர். நானும் ஊரெல்லாம் உம்மடை பிழை எண்டு சொல்லித் திரிஞ்சனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாந்தானே?"

"சொல்லியிருந்தா என்னை வேலையை விட்டுக் கலைச்சிருப்பியள், அக்கா. உங்கடை சாமிக் காரியத்திலை நான் வாய் வைச்சனான் எண்டு போயிருக்கும்."

இந்த இடத்தில் எந்த மனிதரும், நான் உட்பட, "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்றுதான் சொல்வோம். தவமலர் அக்கா சொல்லவில்லை. யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஓம்" என்றார். "கலைச்சிருப்பன்."

"அதாலைதான்" என்றார் நிசாம்.

அதன் பிறகு அக்கா கைத்தொலைபேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். கிடாரங்களை நிசாமிடமே கொடு, இந்தியாச் சேர் பார்த்துவிட்டார், ஒட்டில் குறையில்லை என்றார். தான் ஊற்றியதை மட்டும் சொல்லவில்லை. நிசாம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார், திருத்தவில்லை. எனக்கு நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் குளிரவைக்கக்கூடாது என்பது என் துறையின் பாலபாடம்.

தொலைபேசியை வைத்துவிட்டு நிசாமைப் பார்த்து விரலை நீட்டினார்.

"இனி நான் ஊத்தமாட்டன். ஆனா இனியும் வெடிச்சா அது உம்மடை பிழைதான். இப்பவே சொல்லிப்போட்டன்."

"அது சரி, அக்கா" என்றார் நிசாம். அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன். "என்ரை பிழைக்கு என்னை ஏசுங்கோ. நல்லா ஏசுங்கோ."

சனிக்கிழமை பலாலியில் அதே சுங்க அதிகாரி. பையில் செப்புக் கட்டியும் ஆறு போத்தல் ஓமத் தீநீரும். ஒரு போத்தலைத் திறந்து முகர்ந்தார். என் முகம் புதன்கிழமை எப்படி வாடப் பார்த்ததோ அப்படி அவர் முகம் வாடியது. "வயித்துக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழெட்டு மாதம் போயிற்று. போன வாரம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வாலையின் மூக்குக் குழாயடி. பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த முறை வெடிப்பு செம்பில் இல்லை, ஒட்டிலேயே, நட்ட நடுவில். அவசரத்தில் போட்ட ஒட்டு, கம்பி சரியாக உருகி ஓடவில்லை. முதலாம் ஆண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். பின்னாலேயே அக்காவின் குரல் பதிவு வந்தது.

"சேர், நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தேல்லை. அம்மாளாணை. இது உண்மையாவே நிசாமின்ரை பிழை. கிடார வேலை அவசரத்திலை ஏனோதானோ எண்டு ஒட்டிப்போட்டுப் போட்டார். பிடிச்சு நல்லா ஏசிக்கொண்டிருக்கிறன்."

அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, நிசாமின் குரல்.

"ஓம் சேர், என்ரை பிழைதான்! முழுக்க என்ரை பிழை!"

வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு. ஒரு மனிதன் தன் பிழையை அவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டு நான் கேட்டதேயில்லை.